மேல்முகத்திலிருந்து இருபத்தைந்து

இன்று காலை கொழும்பிலிருந்து ஒரு வரைபடம் வந்தது. போனில் வந்ததை முதலாளி பெரிய தாளில் அச்சடித்து எடுத்துவந்து என் மேசையில் போட்டார். அச்சு மையின் மணம்கூட இன்னும் ஆறவில்லை. தாளின் நடுவில் ஒரு மெல்லிய கோடு சாய்வாக இறங்கி ஒரு வட்டத்தைத் தொட்டு நின்றது. அந்தக் கோட்டின் தலையில் வழக்கமான இரண்டு வரி: எட்டுத் துளை, இவ்வளவு விட்டம், இவ்வளவு ஆழம், வாயில் இவ்வளவு அகலம். ஆழத்தை எங்கிருந்து அளப்பது என்று ஒரு சொல் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, உன் காலி நாற்காலியின் முதுகைப் பார்த்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. என் வாய்க்கு இன்னும் சேதி போய்ச்சேரவில்லை.

நான் அழுது எழுதப்போவதில்லை. உனக்காக அழ உன் வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள், நன்றாகவே அழுதார்கள். எனக்கு உன்னிடம் சொல்ல ஒரு விசயம் இருக்கிறது. பூண்டுலோயா கியர்பெட்டி விசயம். அன்று நான் பிழையாகத் துளை போட்டு, அந்தப் பிழையை உன் வரைபடத்தின் தலையில் விழவிட்டு, அரை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த அரை நாள் உனக்குத் தெரியாது என்றுதான் இன்று மத்தியானம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். நீ எதையும் நடுவிலிருந்து தொடங்கவிட மாட்டாய்.

ஹட்டனில் நாம் சேர்ந்த பயிற்சி வகுப்பில் பெண்கள் நாம் இருவர்தான். நீ லிந்துலையிலிருந்து வருவாய், நான் பூண்டுலோயாவிலிருந்து. தலவாக்கலையில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். இரண்டாவது வாரமோ என்னவோ, ஆசிரியர் கரும்பலகையில் ஒரு துளையின் குறிப்பை எழுதிப்போட்டார். எண், அதன் பிறகு ஒரு வட்டத்தின் குறுக்கே கோடு, பிறகு கீழே பார்க்கும் அம்பு, அதற்கும் கீழே மூடியில்லாத பெட்டி போல ஒரு குறி.

"என்னடி இது, இங்கிலீசுமில்ல, கணக்குமில்ல?" என்று உன் காதில் கேட்டேன்.

"வெலாசம்டி. மொத எத்தன ஓட்டைன்னு இருக்கும். அப்பறம் எம்புட்டுப் பெருசு. அம்பு இருந்தா எம்புட்டு ஆழம். அந்தப் பெட்டி இருந்தா, வாசல அகலமா வெட்டணும்னு அர்த்தம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நேத்தே புஸ்தகத்துல பாத்தேன். நம்ம லயத்து வரிச வீட்டுக்குத்தான் வெலாசம் கெடையாது. ஓட்டைக்காவது இருக்கட்டுமே."

எனக்கு வந்த சிரிப்பில் நான் வகுப்புக்கு வெளியே நின்றேன். நீ உள்ளேயே இருந்து, ஒன்றும் தெரியாதவள் போலக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாய். அதற்கு நான் உன்னை மன்னிக்கவேயில்லை.

நீ வரைவதற்குப் போனாய், நான் மெஷினுக்கு வந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பட்டறையில் வேலை கிடைத்தது நம்முடைய அதிர்ஷ்டம். முதலாளியின் துரதிர்ஷ்டம் என்று அவர் சொல்லுவார். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்வதுதான் இங்கே வேலை. உடைந்தது ஏதாவது லொறியில் வரும். நீ அதை அளந்து கம்ப்யூட்டரில் வரைவாய். நான் அதைப் பார்த்து இரும்பில் துளை போடுவேன். முதல் மூன்று வருடம் எனக்கு ட்ரில் மெஷினைத் தரவில்லை. இரும்புத் தூள் கூட்டினேன், எண்ணெய் துடைத்தேன், சாமான் எடுத்துக் கொடுத்தேன். பெரிய ட்ரில்லை ஓட்டியவர் வேலையை விட்டுப் போன அன்று, யாரும் கேட்காமலே நான் போய் அதன் முன்னால் நின்றேன். இப்போதும் நான்தான் நிற்கிறேன். ஹட்டனில் என் கைக்குச் சமமான கை இல்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரி, ஆனால் உண்மை.

அந்தக் கையே ஆரம்பத்தில் ஒருமுறை ஒரு தகட்டைக் கெடுத்தது. திருகாணி மரை போடுவதற்கு முன்னால் போட வேண்டிய சின்னத் துளையைத் திருகாணியின் அளவுக்கே போட்டுவிட்டேன். மரை பிடிக்க இரும்பே மிஞ்சவில்லை. நீ அந்தத் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"நாளைலேர்ந்து பெரட்டு."

எனக்கு உடனே விளங்கியது. விளங்காமல் எப்படி? தோட்டத்தில் விடிய முதலே பெரட்டுக் களத்தில் கூட்டமாக நிற்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஆள் குரல் கொடுத்த பிறகுதான் மலைக்கு அனுப்புவார்கள். நம் இருவர் அம்மாவும் அப்படித்தான் கொழுந்து பறிக்கப் போனார்கள். நீ அந்தப் பழக்கத்தை வரைபடத்துக்குக் கொண்டுவந்தாய். முதல் துளை போடுவதற்கு முன்னால் நான் மெஷின் பக்கத்தில் தாளோடு நின்று ஒவ்வொரு குறிப்பையும் நம் தமிழில் கத்தி வாசிக்க வேண்டும். நீ தாளைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் வாசித்தது உன் மனதில் இருக்கும் படத்தோடு பொருந்தினால் "சரி" என்பாய். பொருந்தாவிட்டால் ஒரு கேள்வி கேட்பாய். எல்லாவற்றுக்கும் சரி சொன்ன பிறகுதான் நான் மெஷினைப் போடலாம். ஓட்டைப் பெரட்டு என்று அதற்கு முதலாளிதான் பெயர் வைத்தார், கேலியாக. அவரே பிறகு, "பெரட்டு முடிஞ்சிச்சா?" என்று கேட்காமல் என்னை மெஷினில் கை வைக்கவிட மாட்டார்.

பெரட்டு எத்தனை தடவை நம் மானத்தைக் காப்பாற்றியது! தேயிலையை உலர்த்தும் சூளையின் காற்றுக் குழாயை ஒருமுறை செய்தோமே, சதுரக் குழாய். பழைய வரைபடம் ஒன்றை யாரோ ஒரு எஞ்சினியர் அனுப்பியிருந்தார். நாலு துளை, ஊடாக என்று குறிப்பு. நான் வாசித்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டே, "எந்தச் சுவர் வரைக்கும்டி?" என்றாய். குழாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர். ஊடாக என்றால் ஒன்றைத் துளைத்து நிற்பதா, இரண்டையும் துளைப்பதா? எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல நீ கூச்சப்பட்டதேயில்லை. போனை எடுத்துச் சிங்களத்தில், "மஹத்தயா, பித்தி எக்கத, தெக்கமத?" என்று கேட்டாய். ஒரு சுவரா, இரண்டுமா என்று. அந்தப் பக்கம் அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, ஒன்றுதான் என்றார். நீ கேட்காமல் நான் இறங்கியிருந்தால் மறுபக்கத்தில் நாலு துளை வழியாகச் சூளையின் சூடு வெளியே போயிருக்கும். அன்று நீ எனக்கு ஒரு கட்லட் வாங்கித் தந்தாய். வாங்கித் தர வேண்டியது நான்தான் என்று நீ பிறகு சொல்லிக் காட்டவும் மறக்கவில்லை.

பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது.

வாரத்தில் இரண்டு நாள் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டாய். சில வாரம் அங்கேயே வாட்டில் தங்க வேண்டி வந்தது. லெப்டாப்பைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்தபடியே வரைந்தாய். வேண்டாமே, ஓய்வெடு என்று நான் ஒருமுறை சொல்லப்போக, நீ என்னை முறைத்துப் பார்த்தாய். "இந்த வேலையும் போச்சுன்னா நான் வெறும் நோயாளிடி. பேரே அதுதான் ஆகிரும்," என்றாய். அதன் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இதை நான் மறக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று காலை இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

கொழுந்து கூடின காலம். பூண்டுலோயாப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷினின் கியர்பெட்டி வெடித்துவிட்டது. புதிதாக வார்த்த பெட்டி ஒன்றே ஒன்று வந்தது. கெட்டால் இன்னொன்று வார்த்து வர மூன்று வாரம். மறுநாள் காலை லொறி வரும். அதன் ஒரு பக்கத்தில் ஆறு துளை வேண்டும். சுவரின் கனம் முப்பது மில்லிமீட்டர், அதற்கு உள்ளே எண்ணெய். அதனால் துளை உள்ளே போய்விடக் கூடாது. போய்விட்டால் எண்ணெய் திருகாணி வழியாகக் கசிந்து வந்து கொழுந்தில் சொட்டும். எண்ணெய் பட்ட தேயிலையை நாய்கூட மோந்து பார்க்காது.

உன் குறிப்பு சுத்தமாக இருந்தது. ஆறு துளை, விட்டம் எட்டரை, ஆழம் இருபத்தைந்து. வாசலில் பதினாறு அகலத்துக்கு ஒரு பள்ளம், ஆழம் ஆறு. அதில் ரப்பர் வளையம் உட்காரும். நீ அன்று வாட்டில் இருந்தாய். ஒரு போன் போட்டுப் பெரட்டு வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. இதற்கெல்லாமா ஒரு பெரட்டு, இதை விடக் கஷ்டமானதையே போட்டவள் நான் என்று நினைத்தேன். இதுதான் முழு உண்மை. எனக்கு நேரமில்லாமல் இல்லை.

வார்ப்பிரும்பில் முதலில் வாசலை வெட்டிவிட்டு, பிறகு உள்ளே இறங்குவது என் பழக்கம். ஆறு மில்லிமீட்டர் பள்ளத்தை வெட்டினேன். ட்ரில்லை மாற்றினேன். அதன் முனையைப் பள்ளத்தின் அடியில் தொட வைத்து, அதையே தொடக்கமாக வைத்துக்கொண்டு இருபத்தைந்து இறங்கினேன். ஆழத்தைப் பெட்டியின் மேல்முகத்திலிருந்து அளக்க வேண்டும், பள்ளத்தின் அடியிலிருந்து அல்ல. வகுப்பில் படித்ததுதான். ஆறும் இருபத்தைந்தும் முப்பத்தொன்று, சுவரோ முப்பது. கடைசித் திருப்பில் கைப்பிடி திடீரென்று லேசானது. ட்ரில் ஓட்டும் யாருக்கும் அந்த லேசு தெரியும். எதிரே இரும்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

மெஷினை நிறுத்தினேன். டோர்ச்சை எடுத்துப் பெட்டிக்குள் அடித்துப் பார்த்தேன். உள்சுவரில் வட்டமாக ஒரு வெளிச்சம். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. அப்போது மணி பத்து. முதலாளி பின்னால் வந்து நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. அவரும் குனிந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஒடம்பு முடியாம வாட்டுல படுத்துக்கிட்டு ட்ரோயிங் போட்டா இப்பிடித்தான் வரும். பாவம் பாத்துப் பாத்து நானும் விட்டுட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து ட்ரோயிங் எல்லாம் கொழும்புலயே போட்டுக்குவோம்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லைங்க, அவ சரியாத்தான் போட்டிருக்கா என்று. நாக்கு எழவில்லை. மூன்று வருடம் கூட்டிப் பெருக்கி வாங்கிய மெஷின் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. பொம்பளைகிட்ட மெஷினைக் கொடுத்தா இதுதான் நடக்கும் என்று யாரோ சொல்லுவது காதில் கேட்டது. யாரும் சொல்லவில்லை, எனக்கே கேட்டது. அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தத் தாளின் ஓரத்தில் நீ பெட்டியை வெட்டிக் காட்டும் சின்னப் படம் ஒன்றும் போட்டிருந்தாய். இருபத்தைந்தின் அம்புக்குறி மேல்முகத்தில் தொடங்கி இறங்கியது. குருடரால்தான் பிழையாகப் படிக்க முடியும். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு வேறு ஏதோ தகட்டை எடுத்து மெஷினில் பூட்டி அதற்குத் துளை போட்டேன். மத்தியானம் ரொட்டியையும் சம்பலையும் எடுத்துப் பிரித்தேன். பைக்குள் திரும்ப வைத்தேன். கியர்பெட்டி மேசை மேல் இருந்தது. அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன், யாரோ செத்தது போல.

மூன்று மணிக்கு முதலாளி அறையில் போன் பேசும் சத்தம் கேட்டது. கொழும்பில் யாரிடமோ, ட்ரோயிங் போட ஆள் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கவிழ்த்து வைத்த தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் போனை வைக்கும் வரை நின்றேன்.

"மொதலாளி, ட்ரோயிங் சரிங்க. நான்தான் பிழையா எறக்கிட்டேன். பள்ளத்துலேர்ந்து அளந்துட்டேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்பத்தான் சொல்ற."

"இப்பத்தாங்க சொல்றேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. மேசையைப் பார்த்தபடி, "சரி, போ. அவளுக்குப் போன் பண்ணு," என்றார். அவ்வளவுதான்.

வெளியே மழை. கூரைத் தகரத்தின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு உன்னை அழைத்தேன்.

"அடியே, ஓட்டை உள்ள போயிருச்சுடி. என் பிழை."

"எத்தன?"

"ஒன்னு."

"மிச்சம் அஞ்சு?"

"தொடல."

"அப்ப தாள எடு. பெரட்டு வைப்போம்."

வாட்டில் படுத்துக்கொண்டு, கையில் ஊசியோடு, நீ எனக்குப் பெரட்டு வைத்தாய். நான் ஒவ்வொரு குறிப்பாகக் கத்தினேன். நீ ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து, எங்கிருந்து என்று கேட்டாய். மேல்முகத்திலிருந்து, மேல்முகத்திலிருந்து என்று நான் பதில் சொன்னேன். நடுவில் நர்ஸ் சிங்களத்தில் ஏசியது கேட்டது. "மிஸ், ஒரு நிமிசம் மிஸ், ஒரு பெட்டி சாகப் போகுது," என்று நீ சொன்னாய். அவர் சிரித்துவிட்டார்.

கெட்ட துளையை என்ன செய்வது என்றும் நீதான் சொன்னாய். அதற்குள் அடி வரை மரை வெட்டி, சின்னத் திருகாணி ஒன்றைக் கசிவு அடைக்கும் பசை பூசி அடியில் இறக்கி அடைத்தேன். மேல்முகத்திலிருந்து உன் திருகாணிக்கு வேண்டிய இருபது மில்லிமீட்டர் அப்படியே மிஞ்சியது. மற்ற ஐந்தும் தலைமுடி அளவு பிசகவில்லை. பெட்டிக்குள் எண்ணெயை ஊற்றி வைத்தோம். காலையில் லொறி வரும்போது அடியில் விரித்த வெள்ளைத் தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அந்த ரோலர் இன்றைக்கும் ஓடுகிறது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தொழிற்சாலைக்குள் எட்டிப் பார்த்து, பெட்டியின் அடியில் விரலைத் தேய்த்துப் பார்ப்பேன். காய்ந்துதான் இருக்கிறது. கெடுத்தது நான், சரிசெய்ததும் நான். இரண்டையும் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நீ வாட்டிலிருந்து திரும்பி வந்த அன்று நமக்குள் வந்த சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும்.

"பிழை என்னோடதும்தான்டி. மேலேர்ந்துன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்."

"படத்துல அம்பு போட்டிருக்கியே. பாக்காதது நானு."

"பாக்காதவளுக்கும் சேத்துத்தான் எழுதணும்."

"ஏன், என்னப் பாத்தா பாக்காதவ மாதிரியா இருக்கு?"

பிழையைப் பிடித்து இழுத்து இருவரும் அவரவர் பக்கம் வைத்துக்கொள்ளப் பார்த்தோம். "வேற எதுக்காச்சும் சண்ட புடிங்கம்மா, எனக்குத் தல வலிக்குது," என்று முதலாளி எழுந்து போய்விட்டார். கொழும்புக்குக் கொடுப்பது பற்றி அவர் அதன் பிறகு பேசவேயில்லை. அன்றிலிருந்து நீ எல்லாத் துளைக் குறிப்புக்கும் கீழே "ஆழம் மேல்முகத்திலிருந்து" என்று எழுதினாய். தமிழில் மட்டும் எழுதினால் எப்படி என்று அவர் கேட்டார். சிங்களத்திலும் இங்கிலீசிலும் சேர்த்து எழுதினாய். ஒரு தாளில் மூன்று மொழியும் நிறைந்து படத்துக்கே இடமில்லாமல் போனது. வேண்டுமென்றே செய்தாய் என்று எனக்குத் தெரியும்.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டமான இடம்.

அதற்குப் பிறகு நீ இருந்த ஒன்றரை வருடமும் என்னைப் பார்க்க வருகிறவர்களிடம், உன்னைப் பார்க்க வருகிறவர்களிடம், உன் வீட்டுக்காரரிடம், அந்த நர்சிடம்கூட ஒன்றையே சொன்னாய். "இவ பிழ விட்டா ஒடனே வந்து சொல்லிருவா. இந்த மாதிரி ஆளு கெடைக்காது." ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினேன். உடனே இல்லையடி, ஐந்து மணி நேரம் கழித்து என்று சொல்ல வாய் வரவில்லை. நீ கடைசியாக வாட்டுக்குப் போவதற்கு முதல் நாள் உன் லயத்து அறையில் உட்கார்ந்திருந்தோம். இஞ்சி போட்ட சுடுதண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாய். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து தேத்தண்ணி குடிக்காத ஒரே மனுசி நீதான். அன்றும் உன் மாமியாரிடம் அதையேதான் சொன்னாய். அன்றும் தலையாட்டினேன். பொய் சொல்ல வாய்தான் வேண்டும் என்று இல்லை.

இன்று மத்தியானம் அந்தக் கொழும்புத் தாளை வைத்துக்கொண்டு, எங்கிருந்து ஆழம் என்று பதில் வராமல் மெஷினைப் போட மாட்டேன் என்று நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அவ இருந்தா உன்னப் பாத்து மெச்சியிருப்பா," என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, நின்ற இடத்திலேயே அவரிடம் கேட்டுவிட்டேன்.

"மொதலாளி, பூண்டுலோயாப் பொட்டி கெட்ட அன்னைக்கு, நான் மூணு மணிக்குத்தான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியுமாங்க?"

அவர் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியாம என்ன? உள்ள போய்க் கதவச் சாத்துனவொடன மொத போன் அவளுக்குத்தானே. ட்ரோயிங் பிழைன்னு நல்லா ஏசிட்டேன். வாட்டுல கெடக்குற புள்ளய."

"அவ என்னங்க சொன்னா?"

"ட்ரோயிங் சரின்னு சொன்னா. அப்ப போட்டவ பிழயான்னு கேட்டேன். அதுக்கு அவ சொன்னா, 'அவகிட்ட ஒன்னும் கேக்காதீங்க மொதலாளி. நீங்களா கேட்டா அது அவளுக்குத் தாங்காது. அவளே வந்து சொல்லுவா.' நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். மத்தியானம் தாண்டியும் நீ வரல. மறுபடி அவளுக்குப் போன் பண்ணேன். 'வருவா'ன்னு மட்டும் சொன்னா. நீ வந்து நின்னப்ப நான் கொழும்புக்குப் பேசிக்கிட்டு இருந்தேன். நீ வரலன்னதும் ட்ரோயிங்தான் பிழையோன்னு மறுபடி சந்தேகம் வந்துருச்சு, அதுக்கு மேல எனக்குப் பொறுமையில்ல."

அதனால்தான் நான் போன் செய்தபோது, என்ன ஆச்சு என்று நீ கேட்கவேயில்லை. நேராக, எத்தனை என்றாய்.

இதை எழுதும்போதே எழுந்து மெஷின் பக்கம் போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன். அழ மாட்டேன் என்று மேலே எழுதியது பொய்யாகிவிட்டது, இருக்கட்டும். உன் வேலை, உன் பெயர், வெறும் நோயாளி ஆகிவிடாமல் நீ இழுத்துப் பிடித்திருந்த எல்லாம் அன்று என் நாக்கில் தொங்கியது. ஒரு வார்த்தையில் நீ என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கலாம். நீ காத்திருந்தாய். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை, கையில் ஊசியோடு, பிழையானவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டு, நான் நல்லவளாக வந்து சேரும் வரைக்கும் காத்திருந்தாய். பிறகு அந்த ஐந்து மணி நேரத்தையும் ஊருக்கு "உடனே" என்று சொல்லிச் சொல்லி அழித்துவிட்டாய்.

அடியே, நான் ஆட்டிய தலையை எல்லாம் இன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உடனே இல்லை. மூன்று மணிக்கு. பயந்துபோய் இருந்தேன், உன்னை விற்றுவிட்டு நிற்கப் பார்த்தேன், பிறகுதான் வந்தேன்.

உன் கணக்குப் பிழையாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு இந்தக் கையால் இரண்டு தடவை இரும்பு கெட்டிருக்கிறது. இரண்டு தடவையும் கைப்பிடி லேசான அந்த நிமிடமே மெஷினை நிறுத்தினேன். கையைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. எண்ணெய்க் கையோடேயே போய் அவர் கதவைத் தட்டினேன். இனி நீ எனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.